மூன்று சுற்று

மகாதேவி அக்காவின் மகனுடைய கல்யாண வீடியோவில் நான் பதினேழு தரம் ஆலாத்தி சுற்றுகிறேன். எண்ணியது நான் இல்லை. நோர்வேயில் இருக்கும் என் சித்தி எண்ணிப் பார்த்துவிட்டுத் தொலைபேசியில் சொன்னாள். பிறகு தன் பிள்ளைகளையும் கூப்பிட்டு இன்னொரு முறை எண்ண வைத்தாள்.

ஆலாத்தி ஒன்றும் பெரிய வித்தை இல்லை. மணமக்களுக்கு முன்னால் இரண்டு பெண்கள் எதிரெதிரே நின்று ஒரே தட்டைப் பிடிக்க வேண்டும். தட்டில் வாழைப்பழத் துண்டுகள், துண்டுகளில் குத்திய திரிகள், திரிகளில் நெருப்பு. வலப்பக்கமாக மூன்று சுற்று, அவ்வளவுதான். மூன்றுக்கு மேல் சுற்றிய மனுசி உலகத்திலேயே நான் ஒருத்தியாகத்தான் இருக்கும்.

காரணம் எளிது. நான் நித்திரையில் இருந்தேன். முந்தின இரவு பத்து மணியிலிருந்து காலை ஆறு மணிவரை ஜெர்மனியில், எர்லாங்கன் நகரத்துக்கு வெளியே உள்ள பாண் சுடும் தொழிற்சாலையில் நின்றிருந்தேன். அங்கே என் வேலை, ஓடும் பட்டியில் வருகிற பணிஸ் ரொட்டித் தட்டை இரண்டு கையாலும் தூக்கி, அரைச் சுற்றுச் சுற்றி, அடுத்த பட்டியில் வைப்பது. பதினாலு வருடமாக இதைத்தான் சுற்றுகிறேன். அன்று தொழிற்சாலைக் கழிவறையிலேயே சேலை உடுத்து, காதுக்குள் மாவோடு கல்யாண மண்டபத்துக்குப் போய்ப் பின்வரிசைக் கதிரையில் சாய்ந்தேன். ஆலாத்திக்கு நிற்க வேண்டிய இரண்டு பெண்களில் ஒருத்தி சேலை மாற்றப் போய்விட்டாள். மகாதேவி அக்கா கையில் அகப்பட்ட முதல் சுமங்கலியை இழுத்துக்கொண்டு போனார். அது நான். கையில் தட்டு வந்தது, கை சுற்றத் தொடங்கிவிட்டது. என்னை அது ஒரு வார்த்தை கேட்கவில்லை.

எதிரே நின்றவள் பாவம், மரியாதை தெரிந்த பிள்ளை. நிறுத்த வெட்கப்பட்டு என்னோடு கூடவே சுற்றினாள். ஏழாம் சுற்றில் மணமகளுக்குச் சிரிப்பு வந்தது. பதினோராம் சுற்றில் ஒரு வாழைப்பழத் துண்டு நெருப்போடு மாப்பிள்ளையின் பட்டு வேட்டியில் விழுந்து சின்னதாக ஒரு ஓட்டை போட்டது. பதினேழாவதில் மகாதேவி அக்கா வந்து தட்டைப் பறித்தார். அன்றிலிருந்து அவர் என்னோடு பேசவில்லை.

என்னோடுதான் பேசவில்லை. என்னைப் பற்றி நிறையப் பேசினார். ஜசிந்தா குடிக்கிறாளாம். இல்லாவிட்டால் பகல் பதினொரு மணிக்கு ஒரு பெண்பிள்ளை நின்றபடி நித்திரை கொள்வாளா? கண் ஏன் எப்போதும் சிவந்திருக்கிறது? ஒரு நல்ல மனிதர், குடியை நிறுத்த உதவும் இடமொன்றின் துண்டுப் பிரசுரத்தைக் கொண்டுவந்து என் கணவர் யோசப்பிடம் கொடுத்தார். யோசப் அதை வாங்கி, நன்றியும் சொல்லி, குளிர்சாதனப் பெட்டியில் காந்தம் வைத்து ஒட்டினார். அந்த நன்றிக்காக நான் அவரோடு இரண்டு நாள் சண்டை பிடித்தேன்.

உண்மையைச் சொல்லியிருந்தால் ஒரு நிமிடத்தில் முடிந்திருக்கும். ஆனால் அந்த உண்மை யோசப்பையும் என்னையும் தவிர ஒருவருக்கும் தெரியாது. திங்கள் முதல் வெள்ளிவரை நான் தாதிமார் பள்ளிக்குப் போய்க்கொண்டிருந்தேன். சில வாரம் வகுப்பு, சில வாரம் ஆஸ்பத்திரி வார்டு. பயிற்சிச் சம்பளத்தில் குடும்பம் ஓடாது என்பதால் வெள்ளி இரவும் சனி இரவும் பாண் பட்டி. முப்பத்தாறு வயதில் பள்ளிக்கூடப் பையைத் தூக்கியவளைப் பார்த்து எங்கள் சனம் என்னவெல்லாம் சொல்லும் என்று எனக்குத் தெரியும். கல்லடி பட்டாலும் கண்ணடி படக்கூடாது. சான்றிதழ் கைக்கு வந்த பிறகு சொல்லுவோம் என்று வாயைப் பூட்டிவிட்டோம்.

கஷ்டமாக இருந்ததா என்று கேட்டால், நித்திரைதான் கஷ்டம். மற்றதெல்லாம் எனக்குப் பிடித்திருந்தது. பட்டியில் தட்டு வராத நேரங்களில், மேசையில் கொட்டிக் கிடக்கும் மாவில் விரலால் எலும்புகளின் பெயரை எழுதிப் பார்ப்பேன். எதிரே நிற்கும் துருக்கிக்காரி அதை வாசித்து, நான் மறந்த எலும்பைத் தன் உடம்பில் தொட்டுக் காட்டுவாள். அவளுக்கு இப்போது என்னளவுக்கு எலும்பு தெரியும். விடிய ஐந்து மணிக்கு நாங்கள் இருவரும் இதயத்தின் அறைகளைப் பற்றிச் சண்டை பிடிப்பதைப் பார்த்து மேற்பார்வையாளர் தலையில் கை வைப்பார். முப்பத்தாறு வயதுவரை நான் என்னைப் பற்றி நினைத்தது, கை மட்டும் வேலை செய்யும், தலை வேலை செய்யாது என்று. அது பொய் என்று தெரிய வந்தபோது வந்த சந்தோஷத்தை எந்த நித்திரைக்கும் நான் விற்கமாட்டேன்.

எழுத்துப் பரீட்சையும் வாய்ப் பரீட்சையும் பாஸ். மாசியில் நடந்த செய்முறைப் பரீட்சையில் கவிழ்ந்தேன்.

அந்தப் பரீட்சை வார்டிலேயே நடக்கும். உண்மையான நோயாளி, உண்மையான காலை வேலை, பக்கத்தில் இரண்டு பரீட்சகர்கள். எனக்கு வந்தது ஒரு வயதான ஜெர்மன் மனிதர். நான் அவருக்கு முகம் கழுவினேன். தலை வாரினேன். பாணுக்கு வெண்ணெய் பூசி, சின்னச் சின்னத் துண்டாக வெட்டி, கோப்பியை வாய்வரை தூக்கிக் கொடுத்தேன். என் அப்பாவுக்குக்கூட இப்படிச் செய்திருக்கமாட்டேன். நூற்றுக்கு நூறு என்று மனதுக்குள் எனக்கு நானே மார்க் போட்டுக்கொண்டிருந்தேன். முடிந்ததும் என் வகுப்பாசிரியை பேனாவை மூடினார்.

“அந்த மனிதருக்கு இரண்டு கைகள் இருக்கின்றன, ஃப்ராவ் யோசப். நீங்கள் ஒன்றைக்கூடப் பயன்படுத்த விடவில்லை. நாளைக்கு வீட்டுக்குப் போனால் அவருக்கு யார் பாண் வெட்டுவார்கள்?”

எனக்குக் கோபம் எப்போதும் மூக்கு நுனியில் இருக்கும். அன்று அது மூக்கைத் தாண்டிக் கண்ணால் வழிந்தது. எங்கள் வீட்டில் சும்மா வந்த விருந்தாளியையே எழும்ப விடமாட்டோம். படுக்கையில் கிடக்கிற மனிதரிடம் “நீங்களே செய்யுங்கோ” என்று சொல்வது எங்கள் ஊரில் சண்டைக்கு அழைப்பு. இந்த நாட்டில் அதுதான் பாடம். இன்னும் ஒரே ஒரு தரம் எழுதலாம், ஆனி மாதம். அதிலும் கவிழ்ந்தால் மூன்று வருடமும் குப்பைத் தொட்டிக்குள். பிறகு ஆயுள் முழுக்கப் பணிஸ் தட்டு.

எனவே வீட்டில் பயிற்சி எடுத்தேன், யோசப்பின் மேல்.

“இஞ்சேருங்கோ, தேத்தண்ணியை நீங்களே போடுங்கோ.”

“ஏன், கோவமோ?”

“இல்லை. படிக்கிறன்.”

அவர் சோற்றுக்குக் காத்திருக்கும்போது என் கை தானாக அகப்பையிடம் போகும். நான் கையைப் பின்னால் கட்டிக்கொள்வேன். நான்கு மாதத்தில் அவர் தேத்தண்ணி தாண்டி, சோறு தாண்டி, புட்டு அவிக்கவும் பழகிவிட்டார். “உன்ர படிப்பில நான்தான் முதல் பாஸ்,” என்று தன் புட்டைத் தானே மெச்சிக்கொண்டு சாப்பிடுவார்.

ஆனி வந்தது. பரீட்சை செவ்வாய்க்கிழமை. திங்கள் காலை வார்டில் வகுப்பாசிரியை எனக்குரிய நோயாளியின் கோப்பைக் கையில் தந்தார். இடுப்பு எலும்பு முறிவு. ஐந்து நாளுக்கு முன் அறுவைச் சிகிச்சை. அன்றிலிருந்து கட்டிலை விட்டு இறங்க மறுக்கிறார். இப்படியே கிடந்தால் நெஞ்சில் சளி கட்டும், காலில் இரத்தம் உறையும். மேலே பெயரைப் பார்த்தேன். மகாதேவி.

மகாதேவி அக்கா சுவிஸில் தங்கை வீட்டில் நிற்பதாகத்தான் எர்லாங்கன் முழுக்க நம்பிக்கொண்டிருந்தது.

“இவரை எனக்குத் தெரியும்,” என்றேன் ஆசிரியையிடம். “ஒன்பது மாதமாகப் பேச்சு இல்லை.”

அவர் யோசித்தார். “அவர் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டால் நாளைக்கு நடக்கும். வேறு பொருத்தமான நோயாளி இப்போது இல்லை. மறுத்தால் இலையுதிர் காலம்வரை தள்ளிப் போகும். போய்க் கேளுங்கள்.”

நான் அறைக்குள் போனேன். அக்கா என்னைக் கண்டதும் போர்வையை மூக்குவரை இழுத்தார்.

“ஆர் உனக்குச் சொன்னது?”

“ஒருத்தரும் சொல்லேல்லை அக்கா. நான் இஞ்ச வேலை.”

“கூட்டுறியோ?”

“நேர்சுக்குப் படிக்கிறன். கடைசி வருசம்.”

போர்வை மெல்ல இறங்கியது. என் வெள்ளை உடுப்பையும் சட்டைப்பையில் குத்தியிருந்த பெயரையும் பார்த்தார்.

“எப்ப தொடக்கம்?”

“மூண்டு வருசமாய்.”

“மூண்டு வருசம்!” என்றார். “எனக்குத் தெரியாமலோ?”

அவருடைய இடுப்பு எலும்பு முறிந்தபோதுகூட இப்படி வலித்திருக்காது. அவர் வாழும் நகரத்தில், அவருக்குத் தெரியாமல், ஒரு காரியம் மூன்று வருடம் நடந்திருக்கிறது.

“அப்ப நீ குடிக்கிறேல்லையோ?”

“இல்லை அக்கா. அது நித்திரை. இரவிரவாய் பாண் பக்டரி, பகலில பள்ளிக்கூடம்.”

அவர் கண்ணால் என் கையிலிருந்த கோப்பைக் காட்டினார்.

“அதில என்ன எழுதியிருக்கு?”

“சைக்கிளால விழுந்தது எண்டு.”

சொன்னதும் அவர் கண்ணை மூடிக்கொண்டார். எர்லாங்கனில் குழந்தையிலிருந்து பேராசிரியர்வரை எல்லாரும் சைக்கிளில்தான் போவார்கள். எங்கள் சனத்தில் அறுபது தாண்டிய பெண் ஒருத்தி சைக்கிள் ஏறினால் முதலில் சிரிக்கிறவர் இந்த மகாதேவி அக்காவாகத்தான் இருப்பார். அவரே ஞாயிறு காலைகளில், கடை பூட்டிக் கிடக்கும் பல்பொருள் அங்காடியின் கார் நிறுத்துமிடத்தில், தனியாகச் சைக்கிள் பழகியிருக்கிறார்.

“ஆருக்கும் சொன்னாயெண்டால்…”

“எனக்குச் சொல்ல ஏலாது அக்கா. நோயாளியைப் பற்றி வெளியில வாய் திறந்தால் சட்டப்படி குற்றம். யோசப்புக்குக்கூடச் சொல்ல ஏலாது.”

“ஒருத்தருக்குமோ? ஒரு சொல்லும்?”

“ஒரு சொல்லும் ஏலாது.”

அவர் என்னை உண்மையான இரக்கத்தோடு பார்த்தார். “பாவம் பிள்ளை,” என்றார்.

நாளைக்கு என்ன செய்வேன் என்று கேட்டார். காலையில் கழுவி, உடுப்பு மாற்றி, கட்டிலிலிருந்து இறங்கிக் கதிரையில் இருக்க உதவுவேன் என்றேன். “கட்டிலால நான் இறங்கமாட்டன். மற்றதெல்லாம் நீ செய், நான் சும்மா கிடப்பன்,” என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார். எனக்குச் சந்தோஷப்படுவதா அழுவதா என்று தெரியவில்லை. சும்மா கிடக்கிற நோயாளியால்தான் நான் ஏற்கெனவே ஒரு தரம் கவிழ்ந்தேன்.

செவ்வாய் காலை ஏழேகால். வகுப்பாசிரியை ஜன்னலோரம் நின்றார். இரண்டாவது பரீட்சகர், வார்டில் பயிற்சி தரும் ஆண் தாதி பீலிக்ஸ், ஆறடி உயரம், கதவோரம் நின்றார். பக்கத்துக் கட்டில் பாட்டி தலையணையை உயர்த்தி வைத்து, தொலைக்காட்சி பார்க்கிற மாதிரி எங்கள் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அக்காவுக்கு ஜெர்மன் வராது என்று கோப்பில் இருந்ததால், நான் தமிழில் பேசி மொழிபெயர்க்க வேண்டும் என்பது ஏற்பாடு.

இளஞ்சூட்டில் தண்ணீர் கொண்டுவந்து வைத்து, துணியை நனைத்துப் பிழிந்து நீட்டினேன்.

“அக்கா, முகத்தைத் துடையுங்கோ.”

“நீ துடை.”

“கைக்கு ஒண்டும் இல்லை அக்கா. இடுப்புத்தான்.”

“பெரியாக்களோட கதைக்கிற கதையோ இது? நீ என்னத்துக்கு நிக்கிறாய், பொம்மை மாதிரி?”

“என்ன சொல்கிறார்?” என்று பீலிக்ஸ் கேட்டார்.

“கொஞ்சம் களைப்பாக இருக்கிறதாம்,” என்றேன்.

“இல்லை, நான் அப்படிச் சொல்லவில்லை,” என்றார் மகாதேவி அக்கா, இந்தப் பகுதிக் கடைக்காரர்கள் பேசும் அதே இழுவை ஜெர்மனில். “பொம்மை மாதிரி நிற்கிறாள் என்று சொன்னேன்.”

முப்பது வருடமாக எந்த அலுவலகத்துக்குப் போனாலும் மொழிபெயர்க்க ஆள் கூட்டிப் போன மனுசி! பக்கத்துக் கட்டில் பாட்டி வாய் விட்டுச் சிரித்தார். ஆசிரியையின் பேனா நின்றது. எனக்குக் காது சுட்டது. என் கை துணியோடு அக்காவின் முகத்தை நோக்கிப் பாதி தூரம் போய்விட்டது. துடைத்துவிட்டால் அரை நிமிடத்தில் வேலை முடியும், அக்காவின் வாயும் மூடும், என் மூன்று வருடமும் முடியும். துணியை அவருடைய கைக்கு எட்டும் இடத்தில் வைத்தேன். இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டேன். யோசப்பின் சோற்றுக்கோப்பைக்கு முன் நான்கு மாதம் நின்றது போலவே நின்றேன்.

ஒரு நிமிடம் போனது. தண்ணீர் ஆறியது.

“சைக்கிள் ஓட வெளிக்கிட்ட ஆளுக்கு,” என்றேன் மெல்ல, “முகம் கழுவ ஏலாதோ?”

அவர் என்னைப் பார்த்த பார்வையில் பாண் வேகும். ஆனால் துணியை எடுத்தார். முகத்தை அழுத்தித் துடைத்தார், கழுத்தைத் துடைத்தார், காதுக்குப் பின்னாலும் துடைத்தார். “தண்ணி குளிருது, மாத்திக்கொண்டு வா,” என்று அதிகாரம் செய்தார். நான் ஓடிப்போய் மாற்றிக்கொண்டு வந்தேன். சட்டைக்குள் கையைத் தானே விட்டார். பொத்தானைத் தானே பூட்டினார். பீலிக்ஸ் என்னவோ எழுதினார்.

மிச்சம் இருந்தது எழும்புவது.

கட்டில் விளிம்பில் உட்கார வைத்து, நாடி பார்த்து, வழுக்காத சப்பாத்தைப் போட்டாயிற்று. தள்ளிக்கொண்டு நடக்கிற சட்டத்தை முன்னால் கொண்டுவந்தேன். அதன் சக்கரங்களைக் கண்டதும் அக்கா கட்டில் சட்டத்தை இறுகப் பிடித்துக்கொண்டார். வீம்பு இல்லை. உண்மையான பயம்.

“ஏலாது பிள்ளை,” என்றார். குரல் வேறு யாருடையதோ போல இருந்தது. “அண்டைக்கு விழேக்க ஒருத்தரும் இல்லை. அரை மணித்தியாலம் நிலத்தில கிடந்தனான். போன் கையில இருந்தது. ஆரைக் கூப்பிட்டாலும் சிரிப்பினம் எண்டு கூப்பிடேல்லை. பிறகு வழியால போன ஒருத்தர்தான் அம்புலன்ஸைக் கூப்பிட்டது.”

என் கோபம் எங்கே போனது என்று தெரியவில்லை. அவரைக் கட்டிப் பிடித்து ஒரே தூக்காகத் தூக்கிக் கதிரையில் வைத்துவிடலாம் போல இருந்தது. மா மூட்டை தூக்கிய கை இது, முடியும். ஆனால் தூக்கினால் தோல்வி. அவர் எழும்பாமல் விட்டாலும் பாதி தோல்விதான். கதிரை அவருடைய நல்ல காலின் பக்கம், இரண்டடி தூரத்தில் இருந்தது.

சக்கரச் சட்டத்தைத் தள்ளி வைத்தேன். அவருக்கு நேர் எதிரே நின்று, கால்களை அகட்டி, இரண்டு முன்னங்கைகளையும் நீட்டினேன்.

“அக்கா, பிடியுங்கோ. ஆலாத்தித் தட்டுப் பிடிக்கிற மாதிரி.”

அவர் என் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். “எட்டு வருசமாய் நான் தட்டுத் தொடேல்லை,” என்றார்.

அவருடைய கணவர் இறந்து எட்டு வருடம். அதன் பிறகு ஆலாத்திக்கு அவரை யாரும் கூப்பிடவில்லை. கூப்பிடமாட்டார்கள், அதுதான் எங்கள் வழக்கம். தன் சொந்த மகனின் கல்யாணத்திலும் அவர் ஓரமாகத்தான் நின்றார். தான் எடுக்க முடியாத ஆலாத்தியைத்தான் அன்று அவசரமாக என் கையில் தந்திருக்கிறார். நான் அதை நித்திரையில் சுற்றி, ஊர் சிரிக்க வைத்தேன். ஒன்பது மாதமாக எனக்கு இது புத்தியில் ஏறவே இல்லை. எனக்கு வெட்கமாக இருந்தது.

“இஞ்ச ஒருத்தரும் ஒண்டும் சொல்லமாட்டினம்,” என்றேன். “பிடியுங்கோ அக்கா. ஆனால் நான் இழுக்கமாட்டன். நீங்கள் எழும்பினால்தான் தட்டு எழும்பும்.”

அவர் பிடித்தார். நகம் என் தோலில் பதிந்தது. மூச்சை இழுத்தார். எழும்பினார். பாதியில் ஒரு முறை தயங்கி, பிறகு முழுதாக, என் கண்ணுக்கு நேரே அவர் கண் வந்தது.

“வலப்பக்கம். சின்ன அடியாய். ஒண்டு.”

இருவரும் கொஞ்சம் திரும்பினோம். பீலிக்ஸ் ஒரு அடி கிட்ட வந்தார்.

“ரெண்டு.”

“ஜசிந்தா.”

“என்னக்கா?”

“மூண்டோட நிப்பாட்டுவியோ?”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவருக்கும் வந்தது. இரண்டு பேரும் கையைப் பிடித்தபடி குலுங்க, பீலிக்ஸ் பதறி இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு ஓடி வந்தார். எங்களுக்கு அவர் தேவைப்படவில்லை.

“மூண்டு,” என்றேன். அக்காவின் காலுக்குப் பின்னால் கதிரை தட்டுப்பட்டது. ராணி மாதிரி இருந்தார்.

ஏன் சிரித்தீர்கள் என்று ஆசிரியை கேட்டார். எங்கள் வழக்கத்தில் இரண்டு பெண்கள் சேர்ந்து ஒரு தட்டைச் சுற்றுவார்கள், ஒருத்தி மட்டும் சுற்ற முடியாது, இவருக்கு அந்த அசைவு உடம்பில் இருக்கிறது, அதனால் அதைப் பயன்படுத்தினேன் என்று ஜெர்மனில் விளக்கினேன். “பதினேழு முறை அல்ல, மூன்று முறை,” என்று மகாதேவி அக்கா கதிரையிலிருந்து திருத்தினார். ஆசிரியை நீண்ட நேரம் எழுதினார்.

பதினொரு மணிக்கு அவர்கள் ஒரு அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினார்கள். முடிவு சொல்ல அரை மணி நேரமாகும் என்றார்கள். நான் உடுப்பு மாற்றும் அறைக்குப் போய்த் தண்ணீர் குடித்தேன். என் அலுமாரிக்குள் தொலைபேசி துடித்துக்கொண்டிருந்தது. முப்பத்தொரு செய்தி. நோர்வே, டொரொண்டோ, பாரிஸ். வாழ்த்துக்கள் பிள்ளை. கெட்டிக்காரி. நேர்ஸ் அம்மா. எனக்குத் தலை சுற்றியது. யோசப்புக்கு எடுத்தேன்.

“பாஸாமே!” என்று கத்தினார்.

“ஆர் சொன்னது? எனக்கே இன்னும் தெரியாது!”

“மகாதேவி அக்கா எடுத்தவ. தான் சைக்கிள் பழகி விழுந்து ஆஸ்பத்திரியில கிடக்கிறாவாம். சுவிஸ் எண்டது பொய்யாம். நீ தன்னை எழுப்பிக் கதிரையில இருத்திப் போட்டாயாம். நீ குடிக்கிறேல்லையாம், அது தான் சொன்ன பிழையான கதையாம், எல்லாருக்கும் சொல்லட்டாம். நான் சொல்ல முதலே உன்ர சித்தி நோர்வேயில இருந்து எடுத்து அழுறா.”

நான் அங்கிருந்த வாங்குப் பலகையில் உட்கார்ந்தேன். எந்தக் கதை வெளியே போகக் கூடாது என்று அரை மணி நேரம் நிலத்தில் கிடந்தாரோ, அதே கதையை அவர் ஒரு மணி நேரத்துக்குள் மூன்று நாடுகளுக்குச் சொல்லிவிட்டார். அதைச் சொல்லாமல் என் கதையைத் திருத்த அவருக்கு வழி இருக்கவில்லை. சட்டம் என் வாயைத்தான் கட்டியிருந்தது. அவருடைய வாயை ஆண்டவர் கட்டாமல் விட்டது நல்லதாகப் போயிற்று. நான் மாற்று உடுப்புகளுக்கு நடுவே இருந்து நன்றாக அழுதேன், சிரித்தேன், மூக்கைச் சீறினேன்.

ஆசிரியை கூப்பிட்டுக் கை நீட்டினார். “சித்தியடைந்துவிட்டீர்கள், ஃப்ராவ் யோசப். இந்த முறை உங்கள் கைகள் சரியான நேரத்தில் சும்மா இருந்தன.”

“தெரியும்,” என்றேன்.

“எப்படி?”

“நோர்வேயில் சொன்னார்கள்.”

அவருக்குப் புரியவில்லை. எனக்கும் விளக்க நேரமில்லை. வெள்ளிக்கிழமை இரவு பாண் பட்டிக்குப் போய் விலகல் கடிதம் கொடுக்க வேண்டும், துருக்கிக்காரிக்கு இனிப்புக் கொண்டுபோக வேண்டும், ஞாயிறு பகல் முழுக்க நித்திரை கொள்ள வேண்டும். அதற்கெல்லாம் முன் ஒரு அறைக்குப் போக வேண்டியிருந்தது.

மகாதேவி அக்கா இன்னும் கதிரையில்தான் இருந்தார். காதில் தொலைபேசி.

“ஓம், ஓம்… எண்ணிப் பாத்தனான், மூண்டோட நிப்பாட்டிப் போட்டாள்,” என்று கனடாவுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் தொலைபேசியை நெஞ்சோடு அணைத்தார். “பாஸோ?”

“ஓம் அக்கா.”

“எனக்குத் தெரியும்,” என்றார். “வா, இரு. தேத்தண்ணி ஒண்டு ஊத்தித் தா பிள்ளை, தொண்டை காயுது.”

தேத்தண்ணி நிறைத்த சுடுதண்ணீர்ப் போத்தல் அவர் கைக்கு எட்டும் மேசையில்தான் இருந்தது. நான் பக்கத்துக் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

“நீங்களே ஊத்துங்கோ அக்கா.”

அவர் என்னை முறைத்தார். பிறகு தொலைபேசியை மடியில் வைத்துவிட்டு, இரண்டு கோப்பை ஊற்றினார்.